மோட்டார் கொட்டாயில் விளைந்த மூன்று படிகங்கள்

ஏழு வருஷம் கழித்து ஊர் திரும்புகிறவர்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் நெஞ்சு நெகிழ்வார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு இடுப்பு வலிதான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வழி முழுக்கத் தூங்கித் தூங்கி என் தோளிலேயே விழுந்துகொண்டு வந்தார். மீனம்பாக்கத்தில் யாராவது ஒரு பாயை விரித்துக் கொடுத்திருந்தால் அங்கேயே படுத்திருப்பேன்.

படுக்க நேரமில்லை. பிரான்சில், மலையடிவார ஊர் ஒன்றில், நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு ராட்சசக் காந்தம் உண்டு. ஓர் ஆற்றுத் தண்ணீரையே அதற்குள் ஓடவிட்டுத்தான் சூடு ஏறாமல் வைத்திருப்பார்கள். அதில் எனக்கு நான்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நான்கு நாள் அடுத்த வாரம் வந்துவிடும். காந்தத்துக்குள் வைத்துப் பார்க்கவேண்டிய பொருளோ உத்திரமேரூர்ப் பக்கம் காவாந்தண்டலத்தில், வயலுக்கு நடுவே பாழடைந்த ஒரு மோட்டார் கொட்டாயில் வளர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். டிசம்பரோடு என் வேலை முடிகிறது. சோதனை சரியாக வந்தால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள், வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதைத் தவிர வேறெதையும் யோசிக்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

அது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். கரியும் செலினியமும் சேர்ந்த ஒரு கரிமப் படிகம். கறுப்பாக, நறுக்கிப் போட்ட தலைமுடித் துணுக்குப் போல இருக்கும். பலமாக மூச்சு விட்டால்கூட உடையும். இந்த மாதிரிப் பொருளில் மின்சாரம் ஓடாது என்றுதான் நாங்கள் எல்லோரும் படித்துவிட்டு வந்தோம். ஆனால் இதை, இதற்குக் கீழே குளிரே கிடையாது என்கிற கடைசிக் குளிருக்கு ஒரு டிகிரி மேலே வரைக்கும் கொண்டுபோனால் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுகிறது. காந்தப் புலத்தைக் கொஞ்சம் காட்டினால் அந்த நிலை கெட்டுச் சாதாரண உலோகம் போல ஆகிவிடுகிறது. அதுவரை ஆச்சரியமில்லை. புலத்தை இன்னும் ஏற்றினால்தான் வேடிக்கை. எலெக்ட்ரான்கள் தாமாகவே அலை அலையாக ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. மேலும் ஏற்றினால் அந்த ஒழுங்கு சட்டென்று குலைந்து வேறோர் ஒழுங்கு, பிறகு இன்னொன்று. தாளில் கோடு போட்டால் படிக்கட்டு மாதிரி வரும். நாங்கள் அதைப் பார்த்தோம். பார்த்ததைச் சொன்னபோது, உங்கள் படிகத்தில் அழுக்கு, அந்தப் படிக்கட்டு அழுக்கு காட்டும் வித்தை என்று மற்ற ஆய்வுக்கூடத்தார் எழுதிவிட்டார்கள். சுத்தமான படிகம் வேண்டும். அவ்வளவு சுத்தமாக வளர்க்கக் கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அவர் சபாபதி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். எங்கள் கூடத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, சாப்பாடு ஒத்துவரவில்லை என்று திரும்பியவர். மற்றவர்கள் இரண்டு தடவை சுத்தம் செய்தால் இவர் எட்டுத் தடவை செய்வார். கஷ்டம் என்னவென்றால் செலினிய வேலை நாறும். அழுகிய முள்ளங்கியும் பூண்டும் கலந்த நாற்றம், தோலில் ஏறினால் பல நாள் போகாது. கல்லூரியில் ஒரே வாரத்தில் விரட்டிவிட்டார்கள். அதனால்தான் அண்ணன் நிலத்தில் இருந்த பழைய மோட்டார் கொட்டாய்.

ஆயுத பூஜை விடுமுறைக்குத் திருப்புட்குழியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தவர், விஜயதசமிக்கு மறுநாள் காலையில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தார். "வாங்க மேடம், நாஷ்டா ஆச்சா?" என்றார். பக்கத்து ஓட்டல் பொங்கலில் மிளகு முழுசு முழுசாகக் கிடந்தது. பிரான்சில் நான் தின்ற ஏழு வருஷத்து ரொட்டியை நினைத்துக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன். களைப்பு அதற்கும் அசையவில்லை.

பஸ் பாலாற்றைத் தாண்டுவதற்குள் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். "யார்யா அது, அயுவின முள்ளங்கி மூட்டைய உள்ள ஏத்தனது? மொதல்ல எறக்கு!"

சபாபதி அலட்டிக்கொள்ளவில்லை. "மூட்டை ஒண்ணியும் இல்ல கண்டக்டர். அது நான்தான்."

எங்களைச் சுற்றி மூன்று வரிசை காலியாயிற்று. தமிழ்நாட்டுப் பஸ்ஸில் நான் காலை நீட்டி உட்கார்ந்து போனது அன்றைக்கு மட்டும்தான்.

மாகறல் அருகே டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லை, வரும் என்றார்கள். பிரான்சில் ரயில் நான்கு நிமிஷம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள், ஆனால் ஒரு மனிதன் முகம் பார்த்துப் பேசமாட்டான். இங்கே டிரைவரே டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "இன்னாம்மா, வெளியூரா? பேஜாராப் போச்சு இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "எங்களுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் ரோட்டோரத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. பஸ் கிளம்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று.

காவாந்தண்டலத்தில் இறங்கி வரப்பு வழியே நடந்தோம். கொட்டாய் வாசலில் எல்லம்மா நின்றிருந்தாள். சபாபதியின் அண்ணன் நிலத்தில் கூலி வேலை செய்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று வாரமாகப் படிகத்தைப் பார்த்துக்கொண்டது அவள்தான். வேலை இதுதான்: காலையிலும் மாலையிலும் கதவைத் திறந்து, மீட்டர் முள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதே மாதிரி சுவரில் கரியால் ஒரு கோடு போட வேண்டும். அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. அதனால் முள்ளையே வரைந்துவிடச் சொல்லியிருந்தார் சபாபதி.

உள்ளே பெரிய மண் பானை, அதில் ஈர மணல், மணலுக்குள் கண்ணாடிக் கலம். கலத்தில் இரண்டு கம்பிகள். டார்ச் விளக்குக்குப் போடும் பேட்டரி இரண்டிலிருந்து மிகச் சிறிய மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் ஒரு கம்பியில் படிகம் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். அந்த மின்சாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டத்தான் மீட்டர். அந்தப் பக்கத்துக் கரண்டை நம்பியா மூன்று வாரத்து வேலையை வைப்பது, அதனால்தான் பேட்டரி.

சபாபதி பானை மூடியைத் தூக்கினார். கலத்தின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். பேட்டரி மேல் ஒரு சாமந்திப் பூ. மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்திருந்தது. வலது பக்கம் இருக்க வேண்டிய முள்.

"எல்லம்மா, பேட்டரிய யாரு தொட்டது?"

"நான்தான் வாத்யாரே. பூசைக்கு எடுத்தேன். அன்னிக்கு வேலை சாமானுக்கெல்லாம் லீவு உடுவோம் இல்ல? மம்முட்டி, கடப்பாற, அருவா எல்லாத்தியும் கயுவிப் பொட்டு வெச்சேன். இதுவும் நான் பாக்கற சாமான்தானே, இதுக்கு மட்டும் லீவு இல்லேன்னா பாவம் இல்லியா? மறுநா காலீல திரும்ப மாட்டிட்டேன்."

மாட்டியிருந்தாள், தலைகீழாக. மின்சாரம் எதிர்ப்பக்கம் ஓடினால் முளைத்த படிகம் மறுபடியும் கரைந்து போகும். ஒன்றரை நாளாகக் கரைந்துகொண்டிருந்தது.

"முள்ளு அந்தப் பக்கம் சாஞ்சிக்கினு கீதேன்னு பாத்தேன்மா. சாஞ்ச பக்கமே கோடு போட்டுக்கீறேன்" என்று சுவரைக் காட்டினாள். வலது பக்கம் வரிசையாகக் கோடுகள். பூஜை நாளுக்கு வெற்றிடம். பிறகு இடது பக்கம் மூன்று கோடுகள். ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

நான் கத்தினேன். இரண்டு நாள் தூக்கம் இல்லை, இடுப்பு வலி, மாகறலில் இரண்டு மணி நேரம், எல்லாம் சேர்ந்து அவள் தலையில் இறங்கியது. "அறிவு வேண்டாமா? மூணு வாரத்து வேலை! பொட்டு வைக்க இதென்ன மாட்டு வண்டியா? என் வேலை போயிடும், தெரியுமா உனக்கு?" சபாபதியையும் விடவில்லை. "படிக்கத் தெரியாத ஆள் கையில் இதை ஏன் கொடுத்தீங்க?" என்று, அவள் காது கேட்கவே கேட்டேன். அவள் அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "இப்ப இன்னா பண்ணணும்னு சொல்லுங்கம்மா, பண்றேன்" என்றாள்.

சபாபதி பேட்டரியைச் சரியாக மாட்டிவிட்டு, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "சின்னதெல்லாம் கரைஞ்சிடுச்சி. மூணு நிக்குது மேடம். ரெண்டு நல்ல நீளம், ஒண்ணு குட்டை. ஒரு நாள் உட்டா மேல் பக்கம் சரியாயிடும். மூணும் சுத்தம்." ஒரு நாள் தர முடியும், அதற்கு மேல் முடியாது. ஒரே ஒரு படிகம் போதும், ஆனால் அது நான் காந்தத்தில் வைக்கிற வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும்.

அன்று உத்திரமேரூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். கல்வெட்டுப் பார்த்தீர்களா என்று லாட்ஜ்காரர், டீக்கடைக்காரர், மருந்துக் கடைக்காரர் மூவரும் கேட்டார்கள். பார்க்கவில்லை. மருந்துக் கடையில் இடுப்புக்குத் தைலம் வாங்கினேன்.

மறுநாள் முழுக்கக் கொட்டாயிலேயே உட்கார்ந்திருந்தேன். சபாபதி கல்லூரிக்குப் போய்விட்டார். எல்லம்மா வாசலில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் அவள் தூக்குவாளியைத் திறந்தாள். கேழ்வரகுக் கூழ், பச்சை மிளகாய். என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"குடிப்பீங்களா? எங்க வூட்டுக் கூழு" என்றாள். அந்தக் கேள்விக்குள் இருந்த ஊர்க் கணக்கு எனக்குப் புரியாமலில்லை. வாங்கிக் குடித்தேன். புளிப்பும் மோரும் உள்ளே இறங்கியபோது கண்ணில் நீர் வந்தது, பாதி மிளகாயால். முந்தைய நாள் கத்தியதற்கு ஒரு வார்த்தை சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். "இந்தக் கருப்புக் குச்சிய எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவீங்க?"

சொன்னேன். குளிர வைப்போம், காந்தம் காட்டுவோம், முதலில் கெடும், பிறகு புது ஒழுங்கு வரும், காந்தம் ஏற ஏற அந்த ஒழுங்கு படி படியாக மாறும் என்றேன்.

"காந்தம் கிட்ட வந்தா கெட்டுப் போவுதுன்றீங்க. இன்னும் கிட்ட வந்தா நேராவுதுன்றீங்க. எது நெசம்?"

"ரெண்டும்தான்."

மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். உள்ளே அலைகள் இடைவெளி விட்டு நிற்கும். புலம் ஏறும்போது அந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக மாறாது. ஓர் அளவில் பிடிவாதமாக நிற்கும், தாங்க முடியாதபோது ஒரே தாவாகத் தாவி அடுத்த அளவுக்குப் போகும்.

"கயிறு புடிச்சி நாத்து நடுவோமே, அதுமாரி" என்றாள். "கயித்த மாத்திக் கட்றவரிக்கும் ஒரே எடவெளில நடுவோம். மாத்திக் கட்டினா வயலே வேற மாரி ஆயிடும்."

எங்கள் கூடத்தில் ஒரு வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்ததைவிட அது மோசமில்லை. அதையும் அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் தூக்கமாக வந்தது.

மூன்றாம் நாள் காலையில் சபாபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று படிகங்களையும் எடுத்து, பஞ்சு வைத்த சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். பஞ்சிலும் அந்த நாற்றம். விமான நிலையச் சுங்க அதிகாரி குப்பியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். பலமாக ஒரு மூச்சு விட்டால் போயிற்று. அவர் முகத்தைச் சுளித்து, கையை நீட்டிக் குப்பியைத் திருப்பிக் கொடுத்து, "எடுத்துட்டுப் போங்கம்மா, சீக்கிரம்" என்றார். அந்த நாற்றத்தை நான் வாழ்த்தியது அன்றுதான்.

பிரான்சில் இறங்கிய மறுநாளே காந்தம் எனக்கு. இந்தப் படிகத்தைக் குளிர வைப்பதில் ஒரு விதி உண்டு. கடைசிக் குளிருக்கு இருபத்து நாலு டிகிரி மேலே வரும்போது ஆமை வேகத்தில் போக வேண்டும். உள்ளே கரி, செலினிய மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் உப்பு அணுக்கூட்டங்கள் திரும்பி வரிசையாக உட்கார அவகாசம் வேண்டும். அவசரப்பட்டால் அவை கோணல் மாணலாக உறைந்துவிடும், படிகம் மின்சாரத்தைத் தடுக்கிற வேறு பொருளாகிவிடும். போதாததற்கு விரிசலும் விடும். இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

முதல் படிகத்தை அவசரமாகக் குளிர வைத்தேன். நாலு நாளில் எவ்வளவு முடிக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது, கை ஹீலியக் குழாயைத் திறந்துவிட்டது. முள் படக்கென்று துள்ளியது. விரிசல். போன நேரத்தைப் பிடிக்க இரண்டாவதையும் அவசரப்படுத்தினேன். அது கோணலாக உறைந்தது. திரும்பச் சூடாக்கிச் சரிசெய்யப் பார்த்தேன், அதுவும் உடைந்தது. நீளமான இரண்டும் போயிற்று. ஒன்றரை நாளும் போயிற்று.

எங்கள் தலைவர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தியதே கிடையாது. "மோட்டார் கொட்டகையில் வளர்ந்ததுதானே? பேட்டரியை வேறு மாற்றிப் போட்டார்கள் என்றாய். விரிசல் அங்கேயே விழுந்திருக்கும்" என்றார்.

"இருக்கலாம்" என்றேன்.

பதிவேட்டிலும் எழுதினேன்: படிகத்தின் குறை. என் கையெழுத்துதான்.

குட்டைப் படிகத்தை ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல் என்று அணு அணுவாகக் குளிர வைத்தேன். மின்தடை மறைந்தது. கொஞ்சம் புலம், தடை திரும்பி வந்தது. மேலே ஏற்றினேன். வெகுதூரம் ஒன்றுமில்லாமல் போய், திடீரென்று கோடு எழும்பியது. ஒரு படி. பிறகு இன்னொன்று. கூர்மையாக, அழுக்கின் மீது பழிபோட யாராலும் முடியாதபடி, நாலு படிகள் வந்தன. அதோடு என் நேரம் முடிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

சில வாரம் கழித்துத் தலைவர் இரண்டு வருஷ நீட்டிப்புத் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இனி படிகத்தை இங்கேயே வளர்க்க ஏற்பாடு செய்வோம். மூன்றில் இரண்டு பழுது என்றால் அந்த ஊரை நம்ப முடியாது. அவர்களுக்கு அப்போதே தபால் எழுதிவிட்டேன்" என்றார்.

நான் கையெழுத்துப் போடுவதற்குள் சபாபதியின் கடிதம் வந்துவிட்டது. கோபமில்லாத கடிதம். கடைசியில் இப்படி இருந்தது: "இரண்டு படிகம் கெட்டது என்று தபால் வந்ததிலிருந்து எல்லம்மா கொட்டாய்க்குள் காலே வைக்க மாட்டேன் என்கிறாள். தன் கையால்தான் கெட்டது என்று அழுகிறாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அவமானம் என்றால் இன்னது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைவர் அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, எழுதியதை அடித்து, குளிர்வித்தவரின் அவசரம் என்று எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னதற்கு நன்றி" என்றார். இரண்டு வருஷம் ஒரு வருஷமாயிற்று. படிகம் பழையபடி காவாந்தண்டலத்திலிருந்தே வாங்கலாம் என்றாயிற்று. சபாபதிக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். அவர் பதில் இரண்டே வரி: "கடிதத்தை எல்லம்மாவுக்கு நான் படித்துக் காட்டப் போவதில்லை. அடுத்த தடவை வரும்போது நீங்களே சொல்லுங்கள்."

ஜனவரியில் மறுபடியும் போனேன். அறுவடை நேரம். எல்லம்மா கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சபாபதி பக்கத்தில் இருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். "நீ ஒண்ணும் கெடுக்கல எல்லம்மா. ரெண்டையும் உடைச்சது நான். அவசரப்பட்டுக் குளிர வச்சேன். பழியை உம்மேல விழ விட்டுட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். "மெய்யாலுமா? நீதான் ஒடச்சியா?"

"நான்தான்."

"நான் பேட்டரிய மாத்திப் போட்டதுக்கு என்ன அந்தத் திட்டு திட்டின. நீ ரெண்டு ஒடச்சதுக்கு உன்ன யாரு திட்னாங்க?"

"யாரும் திட்டல."

"ஒருத்தர் கூடவா?"

"ஒருத்தரும் இல்ல."

அவள் கட்டைக் கீழே போட்டாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப அப்டியே நில்லு. நான் திட்றேன்" என்றாள்.

சபாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் சாவகாசமாக, ஒன்று விடாமல் திட்டினாள். நான் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.